பெயரைத் தட்டியதும் நிரல் எங்கிருந்து வருகிறது?

பைத்தானை நிறுவி முடித்தாயிற்று. நிறுவல் வெற்றி என்ற செய்தியும் திரையில் வந்துவிட்டது. ஆனால் கட்டளைத் திரையைத் திறந்து ‘பைத்தான்’ என்று தட்டினால், அந்தப் பெயரில் உள்கட்டளையும் இல்லை, வெளிக்கட்டளையும் இல்லை, இயக்கக்கூடிய நிரலும் இல்லை என்று விண்டோஸ் கைவிரிக்கிறது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலர் முதல் நாளிலேயே சந்திக்கும் இடையூறு இது. நிறுவியதை நீக்கி, மறுபடி நிறுவி, மறுபடியும் அதே செய்தியைப் பார்த்து, இந்தத் துறையே நமக்கு வராது என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. நிரல் வட்டில் பத்திரமாக இருக்கிறது. கணினி தேடிய இடங்களில் அது இல்லை, அவ்வளவுதான்.

பெயரைத் தட்டினால் கணினி வட்டு முழுவதையும் துழாவி நிரலைக் கண்டெடுக்கும் என்று நினைப்பது இயல்பு. எந்த இயங்குதளமும் அப்படிச் செய்வதில்லை. சாதாரண லினக்ஸ் கணினி ஒன்றிலேயே லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் அத்தனையையும் புரட்டினால் வேலை நடக்காது. வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு: ஒரே பெயரில் பல நிரல்கள் இருக்கலாம். கோப்புகளைப் பட்டியலிட ‘எல்எஸ்’ என்று தட்டுகிறீர்கள். நேற்று இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஒரு தொகுப்புக்குள்ளும் அதே பெயரில் ஒரு கோப்பு கிடந்தால், அது வந்து ஓடலாமா? ஓடக் கூடாது. ஆகவே எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு ஒரு விதி வேண்டும்.

அந்த விதியை இயங்குதளத்தின் மையமான கர்னல் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். லினக்ஸிலும் மற்ற யூனிக்ஸ் வகைகளிலும் கர்னல் தேடுவதே இல்லை. ஒரு நிரலை ஓட்டச் சொல்லும் அடிப்படை அழைப்பின் பெயர் ‘எக்ஸெக்விஇ’. அதனிடம் கோப்பு இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். வெறும் பெயரைக் கொடுத்தால் தற்போது நிற்கும் அடைவில் மட்டும் பார்க்கும். அங்கே இல்லையென்றால் பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தேடும் பொறுப்பு முழுவதும் கர்னலுக்கு வெளியே, மற்ற நிரல்களைப் போலவே ஒரு நிரலாக ஓடி, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல்லுடையது. பாஷ், இசட்ஷெல் போன்றவை எல்லாம் ஷெல்கள்தாம். யூனிக்ஸ் வடிவமைப்பில் எடுக்கப்பட்ட மிக நல்ல முடிவுகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். எங்கே தேடுவது என்பது ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும் விஷயம். அதைக் கர்னலுக்குள் பூட்டி வைக்காமல் பயனரின் கையில் கொடுத்தார்கள்.

கொடுத்தது ஒரே நாளில் அல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். தொடக்க காலக் கையேடுகளின்படி, தாம்சன் எழுதிய ஷெல்லின் தேடல் மிக எளியது. தட்டிய பெயரை அப்படியே முயன்று பார். கிடைக்காவிட்டால் ‘/பின்’ அடைவில் பார். அங்கும் இல்லாவிட்டால் ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவில் பார். மூன்று இடங்கள், மாறாத வரிசை. நிரல்களுக்கு எதற்கு இரண்டு அடைவுகள்? முதல் வட்டில் இடம் போதவில்லை. மிஞ்சிய நிரல்கள், பயனர்களின் கோப்புகளுக்கென்று வைத்திருந்த இன்னொரு வட்டுக்குப் போயின. வட்டுத் தட்டுப்பாட்டால் வந்த அந்தப் பிரிவு, வட்டுகள் லட்சம் மடங்கு பெருத்த பிறகும் தொடர்ந்தது. பிற்காலத்தில் அதற்குப் பல விளக்கங்களும் கற்பிக்கப்பட்டன. 2012-இல் ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியன் 12 அதைக் கட்டாயமாக்கியபோது 2023 ஆகிவிட்டது. இன்று பல லினக்ஸ் கணினிகளில் ‘/பின்’ என்பது ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே.

ஒரே கணினியைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதும் மூன்று இடங்கள் போதாமல் போயின. ஒவ்வொரு குழுவும் தனக்கென்று நிரல்கள் எழுதி வைத்திருந்தது. 1970-களின் நடுவில் பெல் ஆய்வகத்திலேயே ஜான் மேஷி, தேடும் இடங்களின் பட்டியலைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி ஷெல்லைத் திருத்தினார். 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்னின் ஷெல் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. ‘பாத்’ என்று பெயரிட்ட ஒரு சூழல் மாறி, அதற்குள் அடைவுகளின் பெயர்கள், இடையிடையே முக்காற்புள்ளி. ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் அந்த ஒற்றை வரிதான் இன்றும் உங்கள் மடிக்கணினியில், வாடகைக்கு எடுத்த மேகக் கணினியில், ஆப்பிளின் மேக்கில் வேலை செய்கிறது.

விண்டோஸில் இதே பட்டியலை அரைப்புள்ளியால் பிரிக்கிறார்கள். ‘சி’ வட்டு, ‘டி’ வட்டு என்று எழுதும்போது முக்காற்புள்ளி ஏற்கெனவே பயன்பட்டுவிட்டதுதான் காரணம்.

இப்போது ஒரு பெயரைத் தட்டி என்டர் விசையை அழுத்தியதும் பாஷ் என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். அது முதலில் கவனிப்பது, பெயரில் சாய்கோடு இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் தேடலே கிடையாது. சொன்ன இடத்தில் இருப்பதையே ஓட்டும். தற்போதைய அடைவில் உள்ள நிரலை ஓட்ட, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடச் சொல்வது இதனால்தான். சாய்கோடு இல்லையென்றால், அந்தப் பெயர் பயனர் வைத்துக்கொண்ட சுருக்கப்பெயரா, அவர் எழுதிய ஷெல் சார்பா, ஷெல்லுக்குள்ளேயே அமைந்த கட்டளையா என்று அதே வரிசையில் பார்க்கும். இவற்றில் எதிலாவது கிடைத்துவிட்டால் வட்டின் பக்கமே போகாது.

ஷெல்லுக்குள் ஏன் சில கட்டளைகள் குடியிருக்க வேண்டும்? அடைவு மாறும் ‘சிடி’ கட்டளையின் கதை இதற்கு அருமையான விளக்கம். யூனிக்ஸ் இன்னும் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் இருந்தபோது, ஒவ்வொரு கட்டளையையும் தனிச் செயல்முறையாக ஓட்டும் வசதியைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் அடைவு மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போனது. நிரலில் ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை. காரணத்தை ரிட்சி பிறகு எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். தற்போதைய அடைவு என்பது ஒவ்வொரு செயல்முறைக்கும் சொந்தமான தகவல். புதிய முறையில் அந்தக் கட்டளை ஒரு குழந்தைச் செயல்முறையாகப் பிறந்தது, தன் அடைவைச் சரியாகவே மாற்றிக்கொண்டது, உடனே முடிந்தும்போனது. தாயான ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. ஷெல்லே அந்த வேலையைச் செய்துகொண்டால்தான் பலன் உண்டு என்று புரிந்து, அதை உள்ளே கொண்டுவந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகே பாஷ் ‘பாத்’ பட்டியலைக் கையில் எடுக்கிறது. முதல் அடைவு, அடுத்த அடைவு என்று வரிசையாகப் போய், அந்தப் பெயரில் இயக்க அனுமதி உள்ள கோப்பு கிடைத்ததும் நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருப்பவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே தெருவில் இரண்டு முருகன்கள் இருந்து, கடிதத்தில் முருகன் என்று மட்டும் எழுதியிருந்தால், தபால்காரர் முதலில் வரும் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போவதைப் போலத்தான். கடைசிவரை கிடைக்காவிட்டால் கட்டளை இல்லை என்ற செய்தியோடு 127 என்ற எண் திரும்பும். கோப்பு இருந்தும் இயக்க அனுமதி இல்லாவிட்டால் எண் 126. இந்த ஒற்றை இலக்க வேறுபாட்டைக் கவனிப்பவர்கள் பிழையை விரைவில் பிடித்துவிடுகிறார்கள். முதல் எண் வந்தால் இடம் தவறு, இரண்டாவது வந்தால் அனுமதி தவறு.

கண்டுபிடித்த இடத்தைப் பாஷ் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பெயரைத் தட்டும்போது நேரே அங்கே போகலாம் அல்லவா? பழைய, மெதுவான வட்டுகளுக்கு இந்த உத்தி பெரிய உதவி. ஆனால் இடையில் நிரல் வேறு அடைவுக்கு மாறியிருந்தால், பாஷ் பழைய இடத்தில் போய் முட்டிக்கொண்டு, கோப்பு இல்லை என்று சொல்லும். புதிய நிரல் வேறோர் அடைவில் நன்றாகவே இருக்கும். அப்போது ‘ஹாஷ்’ கட்டளையை ‘-ஆர்’ குறியோடு தட்டி அந்த நினைவை அழித்தால் போதும்.

இடம் தெரிந்தபின் ஷெல் தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்குகிறது. அந்த நகல் கர்னலிடம் ‘எக்ஸெக்விஇ’ அழைப்பை வைக்க, கர்னல் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் படிக்கிறது. முதல் பைட்டில் 127 என்ற எண்ணும் தொடர்ந்து இ, எல், எஃப் எழுத்துகளும் இருந்தால் அது லினக்ஸின் இயந்திரமொழி நிரல். விண்டோஸ் நிரல்கள் எம், இசட் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அவை விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்துப் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். ‘#!’ என்று தொடங்கினால் அது எழுத்து வடிவிலான நிரல். அதைப் படித்து நடத்த வேறொரு நிரல் வேண்டும், அதன் இருப்பிடம் அதே வரியில் எழுதியிருக்கும். இந்த ஏற்பாட்டை 1980 தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியவர் ரிட்சி.

இங்கே ஒரு குழப்பம் வெகுபேரை அலைக்கழிக்கிறது. கோப்பு கண்முன்னே இருக்கும், அனுமதியும் சரியாக இருக்கும். ஓட்டினால் அப்படியொரு கோப்பே இல்லை என்று செய்தி வரும். இல்லாதது உங்கள் கோப்பு அல்ல, அதன் முதல் வரியில் சொன்ன நிரல். விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும். கர்னல் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று உண்மையையே சொல்கிறது.

எந்த நிரல் ஓடும் என்பதை வரிசையே முடிவு செய்வதால், வரிசையைக் கைப்பற்றியவர் கணினியைக் கைப்பற்றலாம். ஏழாம் பதிப்பின் இயல்பான பட்டியலில் முதலிடம் தற்போதைய அடைவுக்கு இருந்தது. நண்பர்கள் மட்டுமே பயன்படுத்திய கணினிகளில் அது வசதி. யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கக்கூடிய பொது அடைவுகள் உள்ள கணினியில் அது ஆபத்து. ஒருவர் அந்தப் பொது அடைவில் ‘எல்எஸ்’ என்ற பெயரில் கெட்ட நிரல் ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருப்பார். நிர்வாகி ஒருநாள் அங்கே வந்து, என்ன இருக்கிறது என்று பார்க்க அதே பெயரைத் தட்டுவார். நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு கெட்ட நிரல் ஓடிவிடும். தற்போதைய அடைவைப் பட்டியலின் கடைசியில் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அவசரத்தில் எழுத்து மாற்றித் தட்டும் பெயர்களில் பொறி வைக்கலாம். அந்தப் பெயரில் வேறெங்கும் நிரல் இல்லாததால் தேடல் கடைசிவரை வந்து பொறியில் விழும். இக்கால லினக்ஸ் கணினிகள் தற்போதைய அடைவைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் ‘சூடோ’, பல கணினிகளில் பயனரின் பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தனக்கென்று வைத்த பாதுகாப்பான பட்டியலையே பயன்படுத்தும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

டாஸ் எடுத்த முடிவு நேர் எதிரானது. அடைவுகளும் ‘பாத்’ வசதியும் 1983-இல் டாஸ் 2.0 உடன் வந்தபோது, தற்போதைய அடைவில் பார்ப்பது பட்டியலில் சொல்லத் தேவையில்லாத, என்றும் முதலில் நடக்கும் வேலை. கூடவே இன்னொரு வரிசையும் இருந்தது. பின்னொட்டு இல்லாமல் பெயரை மட்டும் தட்டினால் முதலில் ‘.காம்’, பிறகு ‘.எக்ஸி’, அதற்கும் பிறகு ‘.பேட்’ கோப்பு. இதைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு வகை வைரஸே பிறந்தது. உங்கள் ‘.எக்ஸி’ நிரலை அது தொடாது. அதே பெயரில் ‘.காம்’ கோப்பு ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைக்கும். பெயரைத் தட்டியதும் வைரஸ் ஓடி, தன் வேலையை முடித்துவிட்டு அசல் நிரலை அழைக்கும். பயனருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

விண்டோஸின் பழைய கட்டளைத் திரை இன்றும் தற்போதைய அடைவையே முதலில் பார்க்கிறது. புதியதான பவர்ஷெல் அப்படிச் செய்ய மறுத்து, யூனிக்ஸ் வழக்கத்தைப் போலவே புள்ளியும் கோடும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. மறுத்தது சரியான முடிவு. பழையதிலும் அந்த வழக்கத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்பேன், ஆனால் லட்சக்கணக்கான பழைய பேட்ச் கோப்புகள் அதை நம்பியிருக்கின்றன.

இனி அந்த மாணவரின் பைத்தானுக்கு வரலாம். நிறுவும்போது முதல் திரையின் அடியில், பைத்தானைப் ‘பாத்’ பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். டிக் செய்யாமல் கடந்துபோனால் நிரல் மட்டும் வட்டில் ஏறும், பட்டியல் மாறாது. 2019-இலிருந்து விண்டோஸ் 10-இல் இன்னொரு விசித்திரமும் சேர்ந்தது. ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பட்டியலில் உள்ள ஓர் அடைவில் அந்தப் பெயரில் ஒரு மாற்றுக்கோப்பை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. உண்மையான பைத்தானின் அடைவு அதற்குப் பின்னால் இருந்தால் மாற்றுக்கோப்புதான் வெல்லும். அமைப்புகள் பகுதியில் அந்த மாற்றுப்பெயரை அணைத்துவிடலாம்.

பட்டியலைத் திருத்தியும் பலன் இல்லையே என்பவர்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டளைத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு செயல்முறையும் பிறக்கும்போது தாயிடமிருந்து சூழல் மாறிகளின் நகல் ஒன்றைப் பெறுகிறது. பிறகு வேறெங்கோ நடக்கும் திருத்தம் அந்த நகலைத் தொடாது. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ‘க்ரான்’ பெரும்பாலும் இரண்டே அடைவுகள் கொண்ட சிறிய பட்டியலோடுதான் பிறக்கிறது. கையால் ஓட்டினால் ஓடும் நிரல் நள்ளிரவில் க்ரான் ஓட்டும்போது நின்றுபோவதற்கு இதுவே மிகப் பொதுவான காரணம். அப்படிப்பட்ட கோப்புகளில் நிரல்களின் முழு இருப்பிடத்தையும் எழுதிவிடுவது நல்லது.

விண்டோஸில் ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. பட்டியலைத் திருத்த ‘செட்எக்ஸ்’ கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அந்தக் கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். பழைய பட்டியலோடு புதிய அடைவைச் சேர்க்கப் போய், பாதிப் பட்டியலை இழந்தவர்கள் பலர். சூழல் மாறிகளைத் திருத்தும் சாளரம் விண்டோஸிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இந்தப் பட்டியலே வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். யூனிக்ஸை உருவாக்கிய அதே பெல் ஆய்வகக் குழு பிறகு ‘பிளான் 9’ என்ற இயங்குதளத்தை எழுதியது. அதில் பல அடைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ‘/பின்’ என்ற ஒரே அடைவாகக் காட்ட முடியும்; தேடும் இடம் சுருங்கிவிடுகிறது. அடுக்கும் வரிசை மட்டும் அங்கேயும் முக்கியம். நெதர்லாந்தில் எல்கோ டோல்ஸ்ட்ராவின் ஆய்விலிருந்து பிறந்த ‘நிக்ஸ்’ வேறு வழியில் போனது. ஒவ்வொரு நிரலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு. எந்த வேலைக்கு எந்தப் பதிப்புகள் வேண்டுமோ அவற்றை மட்டும் கொண்ட பட்டியல் அப்போதைக்கப்போது உருவாகும். ஒரே கணினியில் ஒரே நிரலின் ஐந்து பதிப்புகள் சண்டையில்லாமல் வாழலாம். பைத்தான் மாணவர்கள் உருவாக்கும் மெய்நிகர் சூழலும் உள்ளே எளிமையானதுதான். அதைச் செயல்படுத்தும்போது, அந்தச் சூழலின் அடைவு பட்டியலின் முன்னால் வந்து நிற்கிறது. பெயரைத் தட்டினால் கிடைப்பது அதனால்தான் மாறுகிறது.

எதிர்பாராத நிரல் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால், லினக்ஸிலும் மேக்கிலும் ‘டைப்’ கட்டளையை ‘-ஏ’ குறியோடு அந்தப் பெயருக்கு முன்னால் தட்டுங்கள். சுருக்கப்பெயர், உள்கட்டளை, வட்டிலுள்ள நிரல்கள் என்று அந்தப் பெயருக்குரிய எல்லாவற்றையும், எது முதலில் வெல்லும் என்ற வரிசையிலேயே காட்டும். விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘வேர்’ என்ற கட்டளை ஏறக்குறைய இதே உதவியைச் செய்கிறது. இன்றைக்கு ஒரு முறையாவது உங்கள் கணினியின் ‘பாத்’ பட்டியலைத் திரையில் எடுத்து, ஒவ்வோர் அடைவையும் படித்துப் பாருங்கள். எந்த நிறுவல் எதைச் சேர்த்தது என்று தெரியாத அடைவு இருந்தால் விசாரியுங்கள். வெறும் புள்ளி ஒன்று தனியாக நின்றாலோ, இரண்டு முக்காற்புள்ளிகள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்தாலோ, இரண்டுமே தற்போதைய அடைவைத்தான் குறிக்கின்றன. உடனே நீக்கிவிடுங்கள்.